பென்ஷன் நிதியை யார் ஆள வேண்டும்? ஐரோப்பாவின் நான்கு ஏற்பாடுகளும் என் தேர்வும்

ஐரோப்பாவின் பல நாடுகளில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்களின் சம்பளச் சீட்டில் பென்ஷன் பிடித்தம் என்று ஒரு வரி இருக்கும். அரசு எல்லோருக்கும் தரும் அடிப்படை ஓய்வூதியத்துக்கான பிடித்தம் வேறு. இது வேலையிடத்தின் வழியாகச் சேரும் ஓய்வூதியம். சுவிட்சர்லாந்தில் இதை 'இரண்டாம் தூண்' என்கிறார்கள். தொழிலாளி ஒரு பங்கு போடுகிறார், முதலாளி ஒரு பங்கு போடுகிறார். அந்தப் பணம் முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரு நிதியில் கிடந்து பங்கு, கடன் பத்திரம், கட்டடம் என்று முதலீடாகிறது. நெதர்லாந்தில் இப்படிச் சேர்ந்திருப்பது சுமார் ஒன்றரை லட்சம் கோடி யூரோ. சுவிட்சர்லாந்தில் ஒரு லட்சம் கோடி ஃபிராங்குக்கு மேல்.

இவ்வளவு பணத்தை எங்கே போடுவது, எவ்வளவு ஆபத்து எடுப்பது, ஓய்வு பெறும்போது எந்தக் கணக்கில் திருப்பித் தருவது என்பதையெல்லாம் யார் முடிவு செய்ய வேண்டும்? முதலாளியா, தொழிற்சங்கமா, உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தவர்களா, காப்பீட்டு நிறுவனமா? நாட்டுக்கு நாடு பதில் மாறுகிறது. ஒரு சங்கக் கிளையிலோ பணியாளர் குழுவிலோ இருப்பவருக்கு இது உண்மையாகவே முன்னால் வரும் முடிவு. பத்துப் பேர் வேலை செய்யும் உணவகத்தில்கூட, "பென்ஷன் நிதியை மாற்றப் போகிறோம், கையெழுத்துப் போடுங்கள்" என்று முதலாளி வந்து நிற்கும் நாள் வரலாம்.

ஏற்பாடுகளை ஒப்பிட நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: நட்டம் வந்தால் அது யார் தலையில் விழுகிறது, அவர் கையில் வாக்கு இருக்கிறதா? ஒரு காலத்தில் பல நாடுகளில், கடைசிச் சம்பளத்தில் இத்தனை பங்கு என்று ஓய்வூதியத்தை முன்கூட்டியே வாக்களித்துவிடுவார்கள். நிதியில் பற்றாக்குறை வந்தால் முதலாளி நிரப்ப வேண்டும். அதனால், "பணம் போடப் போகிறவன் நான், கட்டுப்பாடும் என்னிடம் இருக்கட்டும்" என்று முதலாளி கேட்டதில் ஓரளவு நியாயம் இருந்தது. இன்று நிலைமை மாறிவிட்டது. போட்ட பணம் வளர்ந்த அளவுக்குத்தான் ஓய்வூதியம் என்ற முறைக்கு நாடுகள் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருக்கின்றன. சந்தை சரிந்தால் சுமப்பவர் தொழிலாளி. சுமை கை மாறியபோது அதிகாரமும் கூடவே கை மாறியிருக்க வேண்டும். பல இடங்களில் மாறவில்லை. பிரிட்டனில் எதிர்த் திசையிலேயே போயிருக்கிறது.

பிரிட்டன்: மூன்றில் ஒரு பங்கு, அதுவும் கரைந்துகொண்டு

1991 நவம்பரில் பத்திரிகை முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல் தன் உல்லாசப் படகிலிருந்து காணாமல் போய்க் கடலில் பிணமாகக் கிடைத்தார். அடுத்த சில வாரங்களில், மிரர் பத்திரிகைக் குழுமத்தின் பென்ஷன் நிதிகளில் 40 கோடி பவுண்டுக்கு மேல் இல்லை என்பது வெளியே வந்தது. நலிந்துகொண்டிருந்த தன் நிறுவனங்களைத் தாங்கிப் பிடிக்க அவர் அந்தப் பணத்தை எடுத்துவிட்டிருந்தார். சுமார் 32,000 பேருடைய ஓய்வூதியம் கேள்விக்குறியானது. அந்த நிதிகளுக்கு, உறுப்பினர்கள் சார்பில் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் அறங்காவலர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் முதலீட்டை நிர்வகித்த நிறுவனமே மேக்ஸ்வெல்லின் பிடியில் இருந்தது. எதிர்த்துக் கேட்கும் பலம் உள்ளவர் யாரும் அந்த அறையில் இல்லை.

இந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் 1995ஆம் ஆண்டு பென்ஷன் சட்டம். அறங்காவலர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினரை உறுப்பினர்கள் முன்மொழிய வேண்டும் என்றது. ஆனால் முதலாளி மாற்று ஏற்பாடு ஒன்றைச் சொல்லி இதிலிருந்து நழுவ வழி வைத்திருந்தது. 2004ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வழியை அடைத்தது. இந்த மூன்றில் ஒரு பங்கைச் சரிபாதியாக உயர்த்தும் அதிகாரத்தையும் அமைச்சருக்குக் கொடுத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் எந்த அரசும் அதைப் பயன்படுத்தவில்லை.

மூன்றில் ஒரு பங்கு என்பது ஒன்றுமில்லாதது என்று சொல்ல மாட்டேன். கணக்குகளைப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், ஒரு மேக்ஸ்வெல் கஜானாவைத் திறக்கும்போது சத்தம் போடலாம். முடிவை மாற்றத்தான் முடியாது. இதற்குப் பல்கலைக்கழக ஆசிரியர்களின் யுஎஸ்எஸ் நிதியே நல்ல சான்று. அதன் ஆட்சிக் குழுவில் மூன்று பேரைச் சங்கம் நியமிக்கிறது, நான்கு பேரைப் பல்கலைக்கழக நிர்வாகங்களின் கூட்டமைப்பு நியமிக்கிறது, மற்றவர்கள் சுயேச்சையானவர்கள். 2018இல் உறுதியளித்த ஓய்வூதியத்தையே எடுத்துவிடும் திட்டம் வந்தபோது அறுபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் 14 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. 2020 மார்ச் கணக்கில், கொரோனாவால் சந்தை விழுந்து கிடந்த நேரத்தில், 1,410 கோடி பவுண்டு பற்றாக்குறை என்றார்கள். அதைக் காட்டி 2022 ஏப்ரலில் பலன்களைக் குறைத்தார்கள். 2023 கணக்கிலோ 740 கோடி பவுண்டு உபரி! 2024 ஏப்ரலில் பலன்களைத் திரும்பக் கொடுத்தார்கள்.

அதே நிதி, அதே உறுப்பினர்கள். மாறியது வட்டி விகிதமும், எதிர்காலத்தைப் பற்றிய ஊகங்களும்தான். ஊகம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது வெறும் கணிதக் கேள்வி கிடையாது. யார் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. சங்கம் நியமித்த உறுப்பினர்களில் ஒருவர் புள்ளியியல் பேராசிரியர். அந்தப் பற்றாக்குறைக் கணக்கைப் பற்றித் தொடர்ந்து கேள்வி எழுப்பியவர் அவர். இயக்குநருக்குரிய கடமைகளை மீறினார் என்று சொல்லி 2019இல் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். யார் பக்கம் சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் கணக்குத் தெரிந்த ஒரு பிரதிநிதியைச் சக இயக்குநர்களே வெளியே அனுப்ப முடியும், அவரை அனுப்பிவைத்த உறுப்பினர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை என்றால், அந்த நாற்காலிக்கு அடித்தளம் பலமில்லை.

இதைவிடப் பெரிய விஷயம், இந்த நாற்காலிகள் இருக்கும் வீடே காலியாகிக்கொண்டிருப்பது. தனியார் துறையில் பழைய உறுதி ஓய்வூதியத் திட்டங்களில் மிகப் பெரும்பாலானவை புதியவர்களுக்குக் கதவை மூடிவிட்டன. ஊழியரை முதலாளியே பென்ஷன் திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று 2012 முதல் நடைமுறைக்கு வந்த தானியங்கிச் சேர்க்கையில் கோடிக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அது நல்ல காரியம். ஆனால் அவர்கள் பணம் போவது பல நிறுவனங்களுக்குப் பொதுவான மாஸ்டர் டிரஸ்ட்களுக்கோ, காப்பீட்டு நிறுவனத்துடன் போடும் ஒப்பந்தத்துக்கோ. மாஸ்டர் டிரஸ்டில் உறுப்பினர் பிரதிநிதி கட்டாயமில்லை. ஒப்பந்த முறையில் 2015 முதல் 'சுயேச்சை மேற்பார்வைக் குழு' உண்டு. அதை நியமிப்பது அந்தக் காப்பீட்டு நிறுவனமே. அரசு தொடங்கிய நெஸ்ட் என்ற பென்ஷன் நிதியில் உறுப்பினர் குழு ஒன்று இருக்கிறது, ஆலோசனை சொல்வதோடு அதன் வேலை முடிகிறது. இனிச் சிறு நிதிகளை இணைத்து, ஒவ்வொன்றும் 2,500 கோடி பவுண்டு அளவுக்குப் பெரிதாக வேண்டும் என்று 2025இல் மசோதா வந்தது. அளவு பெரிதானால் கட்டணம் குறையும், சரி. நட்டம் முழுக்க உறுப்பினர் தலையில், வாக்கு மட்டும் பூஜ்யம் என்ற நிலை அதனால் மாறாது. பிடிக்காவிட்டால் முதலீட்டை மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். மிகப் பெரும்பாலோர் எதையும் மாற்றாமல், நிறுவனம் போட்டுக்கொடுத்த திட்டத்திலேயே இருந்துவிடுகிறார்கள். என் அளவுகோலில் இதுதான் கடைசி இடம்.

நெதர்லாந்து: சரிபாதி, ஆனால் யார் சார்பில்?

நெதர்லாந்தில் துறைவாரி நிதிகள் வழக்கம். ஒரு துறையின் முதலாளி சங்கமும் தொழிற்சங்கமும் சேர்ந்து கேட்டால், அந்தத் துறையின் எல்லா நிறுவனங்களையும் அந்த நிதியில் சேரும்படி அரசு கட்டாயப்படுத்தலாம். 1949 முதல் இதற்குச் சட்டம் இருக்கிறது. அரசு ஊழியர், ஆசிரியர்களின் ஏபிபி நிதியில் சுமார் 30 லட்சம் பேர், சுமார் 50,000 கோடி யூரோ. ஆட்சிக் குழுவில் முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் சரிபாதி என்பது மரபு. 2014 முதல் ஓய்வு பெற்றவர்களுக்கும் இடம் உண்டு, கால் பங்குக்கு மிகாமல். ஆட்சிக் குழுவுக்கு வருகிற ஒவ்வொருவரையும் மத்திய வங்கி தகுதி பார்த்த பிறகே அனுமதிக்கிறது.

எனக்குப் பிடித்தது இதற்கு வெளியே இருக்கும் இன்னொரு அமைப்பு. 'பொறுப்புக் கேட்கும் மன்றம்' என்று அதைச் சொல்லலாம். வேலையில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் அதில் இருக்கிறார்கள். பல நிதிகளில் தேர்தல் வழியாக வருகிறார்கள். ஆட்சிக் குழு செய்ததைப் பற்றி ஆண்டுதோறும் தீர்ப்புச் சொல்கிறது. சில விஷயங்களில் இதன் ஆலோசனையைக் கேட்காமல் முடிவெடுத்தால், ஆம்ஸ்டர்டாமில் உள்ள நிறுவன நீதிமன்றத்துக்குப் போகலாம். பிரிட்டனில் அந்தப் பேராசிரியருக்குக் கிடைக்காதது இதுதான்: குழுவுக்கு வெளியே நின்று கேட்கும் சட்டபூர்வமான இடம்.

குறைகளும் பெரியவை. நாட்டில் தொழிலாளர்களில் சுமார் 15% பேர்தான் சங்கத்தில் இருக்கிறார்கள், அவர்களிலும் வயதானவர்கள் அதிகம். ஆனால் தொழிலாளர் தரப்பு நாற்காலிகளைப் பெரும்பாலும் நிரப்புவது சங்கங்கள். மீதி 85% பேர், சங்கம் நமக்காகப் பேசும் என்று நம்பி இருக்க வேண்டியதுதான். இந்த நம்பிக்கை உரசிப் பார்க்கப்பட்டது 2023இல். அந்த ஆண்டு ஜூலை 1 முதல் புதிய பென்ஷன் சட்டம் வந்தது. பழைய பொது நிதியைப் பிரித்து, ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனித் தொகையாகக் காட்டுவது அதன் அடிப்படை. 2028 தொடக்கத்துக்குள் எல்லா நிதிகளும் மாற வேண்டும். முந்தைய சட்டப்படி, இப்படி ஒட்டுமொத்தமாக உரிமையை மாற்றும்போது ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஆட்சேபிக்கும் உரிமை இருந்தது. இந்த மாற்றத்துக்கு மட்டும் அதை நிறுத்திவைத்தார்கள். பதிலாக மன்றங்களின் உரிமையைக் கொஞ்சம் கூட்டினார்கள். உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்ற திருத்தம் 2025 மே மாதம் நாடாளுமன்றத்தில் தோற்றது.

ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆட்சேபித்தால் பொது நிதியைப் பிரிக்கவே முடியாது என்ற வாதம் எனக்குப் புரிகிறது. இளைஞருக்கும் முதியவருக்கும் இடையே பங்கு போடும்போது கூட்டாகத்தான் முடிவெடுக்க வேண்டும். அப்படியானால் கூட்டாக ஒரு வாக்கெடுப்பு நடத்தியிருக்கலாம். நட்டத்தின் பெரும் பகுதியை உறுப்பினர்மேல் ஏற்றும் சட்டம், அதே நேரத்தில் அவரிடமிருந்த ஓர் உரிமையையும் எடுத்துக்கொண்டது. இந்த இடத்தில் நெதர்லாந்து ஏற்பாடு தன் தரத்துக்குக் கீழே போய்விட்டது என்பது என் கருத்து.

அதே ஏபிபி, 2021 அக்டோபரில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு உற்பத்தி நிறுவனங்களில் இருந்த 1,500 கோடி யூரோவுக்கு மேற்பட்ட முதலீட்டை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் பல ஆண்டுகள் வாசலில் நின்று கேட்டதும் அதற்கு ஒரு காரணம். உள்ளே வாக்கு இல்லாவிட்டாலும் வெளியே சத்தம் போட முடியும் என்பதற்கு இது உதாரணம்தான். ஆனால் எல்லாத் துறையிலும் அப்படிச் சத்தம் போட நேரமும் படிப்பும் உள்ளவர்கள் இருப்பதில்லை. துப்புரவுத் தொழிலாளிகளின் நிதி வாசலில் யார் போய் நிற்பார்கள்?

டென்மார்க்: தீர்மானம் கொண்டுவரும் உரிமை

டென்மார்க்கில் சட்டத்தைவிடக் கூட்டு ஒப்பந்தமே பெரிது. 1990களின் தொடக்கத்தில் சங்கங்கள் சம்பள உயர்வின் ஒரு பகுதியைப் பென்ஷனாக வாங்கிக்கொண்டன. சம்பளத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத் தொடங்கியது, இருபது ஆண்டுகளுக்குள் 12% ஆனது. விட்டுக்கொடுத்த சம்பளம்தானே பென்ஷன், அதனால் நிதியின் உடைமையும் தொழிலாளர்களுக்கே என்ற எண்ணம் அங்கே வலுவாக இருக்கிறது.

இங்கேயும் இரண்டு வகை. பென்ஷன்டென்மார்க், இண்டஸ்ட்ரியன்ஸ் பென்ஷன் போன்ற பெரிய நிதிகளின் ஆட்சிக் குழுவை நிரப்புவது பெரும்பாலும் சங்கங்களும் முதலாளி அமைப்புகளும். நெதர்லாந்து போலத்தான். இன்னொரு வகை, பட்டதாரிகள், பொறியாளர்கள், செவிலியர்கள் போன்ற தொழில் குழுக்களின் நிதிகள். அகாடமிகர்பென்ஷன் போன்ற நிதியில் உறுப்பினர்களே ஆட்சிக் குழுவுக்குத் தங்களில் இருந்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சாதாரண உறுப்பினர் ஒருவர் எழுந்து தீர்மானம் கொண்டுவரலாம்.

இந்த ஒரு உரிமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2010களில் நடந்தது சாட்சி. 'பொறுப்பான எதிர்காலம்' என்ற பொருள்படும் பெயரில் ஓர் உறுப்பினர் இயக்கம் கிளம்பியது. நிலக்கரி, எண்ணெய் முதலீடுகளைக் கைவிடச் சொல்லி ஒவ்வொரு நிதியின் பொதுக்கூட்டத்திலும் தீர்மானம் வைத்தது. சில தோற்றன, சில ஜெயித்தன. தோற்றவையும் வீண் போகவில்லை; நிர்வாகம் எழுந்து நின்று கணக்கோடு பதில் சொல்ல வேண்டி வந்தது. இன்று அகாடமிகர்பென்ஷன் என்று அழைக்கப்படும் அதே நிதி, 2019இல் உலகின் மிகப் பெரிய பத்து எண்ணெய் நிறுவனங்களின் பங்குகளை விற்றது. 2023இல், ஏபிபியின் பணத்தை நிர்வகிக்கும் ஏபிஜியுடனும் நார்வேயின் ஸ்டோர்பிராண்ட் என்ற நிதி நிறுவனத்துடனும் சேர்ந்து, பருவநிலைக் கொள்கை பற்றி டொயோட்டாவின் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தது. சுமார் 15% வாக்குத்தான் கிடைத்தது. ஆனாலும் கோபன்ஹேகனில் பாடம் நடத்தும் ஒரு ஆசிரியரின் பென்ஷன் பணம், ஜப்பானில் ஒரு கார் நிறுவனத்தை நேருக்கு நேர் கேள்வி கேட்டது.

கூட்டத்துக்கு வருகிறவர்கள் உறுப்பினர்களில் மிகச் சிறு பகுதிதான் என்பது நியாயமான குறை. வருகிறவர்கள் படித்தவர்கள், நேரம் உள்ளவர்கள். தச்சர்களுக்கும் இறைச்சிக்கூடத் தொழிலாளிகளுக்கும் இதே உரிமை இதே வடிவில் பயன்படுமா என்பது தனிக் கேள்வி. அவர்களுக்குப் பிரதிநிதிகள் வழியாக, வேலை நேரத்திலேயே நடக்கும் கூட்டம் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

சுவிட்சர்லாந்து: நாட்டு வாக்கும் அறைக்குள் வாக்கும்

இலங்கைத் தமிழர்கள் சுமார் 50,000 பேர் வாழும் நாடு இது. உணவகம், மருத்துவமனை, முதியோர் இல்லம், துப்புரவு என்று உழைத்தவர்களில் முதல் தலைமுறை இப்போது ஓய்வு பெறும் வயதில் நிற்கிறது. அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1985இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் தூண் சட்டத்தின் 51ஆம் பிரிவு, நிதியின் உச்சக் குழுவில் முதலாளிகளும் தொழிலாளர்களும் சரிபாதி என்கிறது. அதற்கு மேல், நாட்டு மக்களே வாக்களிக்கும் வழக்கமும் இருக்கிறது. சேர்ந்த தொகையை ஆண்டு ஓய்வூதியமாக மாற்றும் விகிதத்தைக் குறைக்க வந்த திட்டத்தை 2010 மார்ச்சில் 72.7% பேர் தோற்கடித்தார்கள். 2017 செப்டம்பரில் இன்னொரு சீர்திருத்தம் தோற்றது. 2024 செப்டம்பர் 22இல் மூன்றாவது முறையாக வந்ததை 67.1% பேர் நிராகரித்தார்கள். ஆக, சட்டப்படி அந்த விகிதம் இன்றும் 6.8%. ஒரு லட்சம் ஃபிராங்கு சேர்த்தவருக்கு ஆண்டுக்கு 6,800 ஃபிராங்கு.

இதைப் பார்த்து உலகத்திலேயே பென்ஷன் ஜனநாயகம் முழுமையாக இருப்பது இங்கேதான் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்த 6.8% பொருந்துவது சட்டம் கட்டாயமாக்கிய பகுதிக்கு மட்டும். பெரும்பாலானோர் அதற்கு மேலும் சேர்க்கிறார்கள். இரண்டையும் கலந்து கணக்கிடும் நிதிகளில் நடைமுறை விகிதம் 5.3% பக்கம் வந்துவிட்டது. அதே ஒரு லட்சத்துக்கு 5,300. மக்கள் மூன்று முறை வேண்டாம் என்ற குறைப்பை, ஒவ்வொரு நிதியின் அறைக்குள்ளும் ஆட்சிக் குழுக்கள் அமைதியாகச் செய்து முடித்துவிட்டன. ஆயுள் கூடியிருக்கிறது, வட்டி குறைந்துவிட்டது, இளையவர் பணத்தை எடுத்து முதியவருக்குக் கொடுக்கக் கூடாது என்று அவர்கள் சொல்லும் காரணங்களில் உண்மை உண்டு. நான் கவனிக்கச் சொல்வது, அதிகாரம் எந்த அறையில் இருக்கிறது என்பதைத்தான். சாதாரண ஊழியரின் ஓய்வூதியத்தைத் தீர்மானிப்பதில் நாட்டு வாக்கெடுப்பைவிட அந்தச் சரிபாதிக் குழுவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இதில் தமிழர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. சுவிஸ் குடியுரிமை இல்லாதவர் நாட்டு வாக்கெடுப்பில் வாக்களிக்க முடியாது. பென்ஷன் நிதியின் தொழிலாளர் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோ காப்புறுதி பெற்ற எல்லோருக்கும் உண்டு. பாஸ்போர்ட்டின் நிறத்தை யாரும் கேட்பதில்லை. தேர்தலில் நிற்கவும் முடியும். முப்பது ஆண்டுகள் சமையலறையில் நின்றும் குடியுரிமை எடுக்காத ஒருவருக்கு, அந்த நாட்டில் பெரும் பணத்தைப் பற்றி வாக்குச் சொல்லக் கிடைக்கும் அரிய இடம் இது. நம்மவர்கள் பலர் இப்படியொரு உரிமை இருப்பதையே அறியாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சிறு நிறுவனங்களுக்குச் சொந்த நிதி கிடையாது. பல நிறுவனங்களுக்கான கூட்டு அறக்கட்டளை ஒன்றில் சேர்கின்றன. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அங்கே ஒரு சிறு குழு உண்டு, அதிலும் சரிபாதி விதிதான். கடையில் ஆறு பேர் என்றால் குழுவில் இரண்டு பேர்: முதலாளி ஒருவர், ஊழியர் ஒருவர். அந்த ஊழியரை மற்றவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாளியே ஒருவரைக் கைகாட்டிவிட்டால் விதி காகிதத்தில்தான்.

முழுக் காப்பீட்டு முறை என்று ஒன்றும் இருக்கிறது. முதலீட்டில் நட்டம் வந்தால் காப்பீட்டு நிறுவனம் ஏற்கிறது. பதிலுக்கு, வருமானத்தில் 10% வரை அது வைத்துக்கொள்ளலாம், 90% காப்புறுதி பெற்றவர்களுக்குப் போக வேண்டும். என் அளவுகோல்படி இங்கே உறுப்பினர் வாக்குக் குறைவாக இருப்பது ஒப்புக்கொள்ளத்தக்கது, ஏனென்றால் நட்டம் வேறொருவர் தலையில். ஆனால் இந்தச் சேவை சுருங்கிக்கொண்டு வருகிறது. இந்தச் சந்தையில் பெரிய நிறுவனமான ஆக்ஸா 2019 முதல் இதைக் கைவிட்டது. இதற்குப் பதிலாக வரும், நட்டத்தை நிதியே தாங்கும் முறையில், நிதி பற்றாக்குறையில் விழுந்தால் ஊழியர் சம்பளத்திலிருந்தும் மீட்புத் தொகை பிடிக்க முடியும். இப்படி ஒரு கூரையின் கீழிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது, சுமை கை மாறுகிறது என்பதை ஊழியரிடம் எத்தனை முதலாளிகள் விளக்கிச் சொல்லியிருப்பார்கள்?

இதில் வெளியே நிற்பவர்களையும் மறக்கக் கூடாது. 2025 கணக்கில் ஒரே முதலாளியிடம் ஆண்டுக்கு 22,680 ஃபிராங்குக்குக் குறைவாகச் சம்பாதிப்பவருக்குக் கட்டாய இரண்டாம் தூண் கிடையாது. இரண்டு மூன்று இடங்களில் சில மணி நேரம் துப்புரவு செய்யும் பெண்கள் இப்படித்தான் விடுபடுகிறார்கள். நிதிக்குள் இல்லாதவருக்கு நிதியின் ஜனநாயகத்தால் பயனில்லை.

ஸ்வீடனும் ஜெர்மனியும், சுருக்கமாக

நிபுணர்களிடம் விட்டுவிடுங்கள், தேர்தலெல்லாம் எதற்கு என்பவர்கள் ஸ்வீடனின் அலெக்டா என்ற பென்ஷன் நிதியைப் பார்க்க வேண்டும். முதலாளி அமைப்பும் அலுவலக ஊழியர் சங்கங்களும் முன்மொழிபவர்கள் மேலே இருக்க, முதலீட்டை நிபுணர்கள் நடத்தினார்கள். 2023 வசந்தத்தில் சிலிக்கான் வேலி வங்கி, சிக்னேச்சர், ஃபர்ஸ்ட் ரிபப்ளிக் என்ற மூன்று அமெரிக்க வங்கிகளில் சுமார் 2,000 கோடி குரோனா போயிற்று. தலைமை நிர்வாகி பதவி இழந்தார். மொத்தச் சொத்தில் அது 2% அளவுதான், யாருடைய ஓய்வூதியமும் நின்றுவிடவில்லை. ஆனால் தேர்ச்சி இருந்தால் போதும் என்ற வாதத்துக்கு அது பலத்த அடி. சரிபாதியாக நியமித்துவிட்டால் போதும் என்ற வாதத்துக்கும்தான்.

அதே ஸ்வீடனில் 1984இல் சம்பளதாரர் நிதிகள் ஐந்தை அமைத்தார்கள். நிறுவன லாபத்தில் ஒரு பகுதியைக் கொண்டு பங்குகள் வாங்குவது திட்டம். குழுக்களில் தொழிலாளர் தரப்புக்கே பெரும்பான்மை, ஆனால் நியமித்தது அரசு. 1983 அக்டோபரில் எதிர்த்து சுமார் 75,000 பேர் ஸ்டாக்ஹோமில் திரண்டார்கள். 1991இல் ஆட்சி மாறியதும் நிதிகளைக் கலைத்தார்கள். அப்போது அவற்றைக் காக்கத் தெருவுக்கு வந்தவர்கள் குறைவு. ஒவ்வொரு தொழிலாளிக்கும் அது தன் பணம் என்று தோன்றும்படி அமைக்காததே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஜெர்மனி 2018இல் வெளிப்படையாக ஒரு பேரம் செய்தது. முதலாளி தொகையைக் கட்டினால் போதும், உத்தரவாதம் தர வேண்டியதில்லை. பதிலுக்கு நிதியை நடத்துவதில் தொழிற்சங்கம் பங்கேற்க வேண்டும். சுமையும் அதிகாரமும் சேர்ந்தே நகர வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே எழுதியது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் முதல் ஏற்பாடுகள் நடைமுறைக்கு வரவே 2022 ஆனது. இன்னும் பரவவில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது

புதிதாக ஒரு துறைக்கு நிதி அமைக்கச் சொன்னால், நான் நெதர்லாந்தின் சரிபாதிக் குழுவையும் வெளியே நின்று கேட்கும் மன்றத்தையும் எடுத்துக்கொண்டு, டென்மார்க்கின் பொதுக்கூட்டத் தீர்மான உரிமையை அதனுடன் சேர்ப்பேன். தொழிலாளர் தரப்பு இருக்கைகளைச் சங்கம் நேரடியாக நியமிக்கக் கூடாது. சங்கம் வேட்பாளர்களை நிறுத்தட்டும், சங்கத்தில் இல்லாதவர்களும் நிற்கட்டும், எல்லா உறுப்பினரும் வாக்களிக்கட்டும். வாக்களிப்பவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். குறைவானவர்கள் வாக்களித்த தேர்தலிலும் ஒருவரை அடுத்த முறை இறக்க முடியும், நியமனத்தில் அது முடியாது. முறையை அடியோடு மாற்றும் முடிவுக்கு மட்டும் உறுப்பினர் வாக்கெடுப்பு கட்டாயம் வேண்டும்.

தேர்ச்சிக் கேள்விக்கு என் பதில்: தேர்ந்தெடுத்த பிறகு பயிற்சி கொடுங்கள். சம்பளத்தோடு நேரம் ஒதுக்குங்கள். தொழிலாளர் தரப்பு தனக்கென ஒரு கணிப்பாளரை, அதாவது நிதி எதிர்காலத்தில் கொடுக்க வேண்டியதைக் கணக்கிடும் நிபுணரை, அமர்த்திக்கொள்ள நிதியிலிருந்தே பணம் கொடுங்கள். நிர்வாகம் நியமித்த கணிப்பாளரின் ஊகங்களை எதிர்த்துக் கேட்க இன்னொரு கணிப்பாளர் இல்லாவிட்டால், சரிபாதி நாற்காலி இருந்தும் தலையாட்டத்தான் வேண்டியிருக்கும். யுஎஸ்எஸ் விவகாரத்தில் பற்றாக்குறைக் கணக்கை ஊருக்கு உடைத்துக் காட்டியவர்களில் பலர் உறுப்பினர்களே, கணக்குப் பாடம் நடத்தும் பேராசிரியர்கள். எல்லாத் துறைக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது, அதனால்தான் பணம் ஒதுக்கச் சொல்கிறேன்.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு இந்தத் தேர்வு இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. அங்கே சங்கங்கள் கேட்க வேண்டியது, மாஸ்டர் டிரஸ்ட்களில் உறுப்பினர் இருக்கை கட்டாயம் என்ற ஒரே திருத்தம். 2004 சட்டத்தின் தூங்கும் அதிகாரத்தைவிட இது அவசரம், ஏனென்றால் புதிய தலைமுறையின் பணம் போய்ச் சேரும் இடம் அதுதான்.

சுவிட்சர்லாந்தில் சிறு நிறுவனத்தில் வேலை செய்பவருக்கோ முடிவு கைக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாம் தூண் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, முதலாளி பென்ஷன் நிதியைத் தேர்ந்தெடுப்பதும் மாற்றுவதும் ஊழியர்களின் சம்மதத்தோடுதான். கையெழுத்துக் கேட்டு வந்தால் பழைய நிதி, புதிய நிதி இரண்டின் நிலையையும் எழுத்தில் கேளுங்கள்: கையிருப்புச் சொத்து கடமைகளில் எத்தனை சதவீதம், சேர்ந்த தொகையை ஓய்வூதியமாக மாற்றும் விகிதம் எவ்வளவு, பற்றாக்குறை வந்தால் யார் கட்ட வேண்டும், உச்சக் குழுவில் நம் தரப்பில் யார், அவரை யார் தேர்ந்தெடுத்தார்கள். பதில் வரும்வரை கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இரு தரப்பும் ஒத்துப்போகாவிட்டால், இருவரும் சேர்ந்து நியமிக்கும் நடுநிலை நடுவர் ஒருவர் முடிவு செய்வார். அந்த நடுவர் விஷயத்திலும் ஒத்துப்போகாவிட்டால் மேற்பார்வை ஆணையம் ஒருவரை நியமிக்கும்.